பச்சைச் சட்டையின் தோளில் நீலம்

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் கலைத்து அடுக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் கருப்பு, சாம்பல், கருநீலம், திரும்பவும் சாம்பல். மழைக்கு முந்தைய வானத்தை நாலாக மடித்து அடுக்கியது மாதிரி இருந்தது. அடித்தட்டில் பழைய போர்வைக்குக் கீழே ஒரே ஒரு பச்சைச் சட்டை கிடந்தது. பருத்திச் சட்டை. எடுத்து உதறியபோதுதான் கவனித்தேன், இரண்டு தோள்பட்டையிலும் பச்சை போய் நீலம் வந்திருக்கிறது. வெளுத்த பச்சை என்று சொல்ல முடியாது, நீலமேதான். காலரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நல்ல பச்சை, பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் திருப்பினால் அங்கேயும் பச்சை. எப்போதும் ஹாங்கரில் மாட்டி மொட்டைமாடியில்தான் காயப் போடுவேன், வெயில் நேராக விழுகிற இடம் தோள், அதனால் அங்கே மட்டும் இந்தக் கோலம்.

அந்தச் சட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு நேர்முகத் தேர்வுக்காக வாங்கியது. என்ன நிறம் எடுப்பது என்று தெரியாமல் முழித்தபோது நண்பன் சொன்னான், "பச்சை போட்டுட்டுப் போடா, மனசு அமைதியா இருக்கும், எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் அமைதியா இருக்கும்." போட்டுக்கொண்டு போனேன். முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது, மூன்றாவது கேள்விக்கு அக்குளில் வேர்வை பச்சையைக் கரும்பச்சையாக்கிக் காட்டிக்கொடுத்தது. வேலை கிடைக்கவில்லை. அவனிடம் போய்ச் சண்டை போட்டால், "நான் சொன்னது இளம்பச்சைடா, நீ போட்டது பாசிப்பச்சை" என்றான். இன்றைக்கும் பாசிப்பச்சை எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் உள்ளங்கை ஈரமாவது போலத்தான் இருக்கும். உலகத்துக்கெல்லாம் காட்டைக் காட்டுகிற நிறம் எனக்கு ஒரு ஏசி அறையையும் மூன்று பேர் முகத்தையும் காட்டுகிறது.

அதனால்தான் சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி, மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, ஊதா என்றால் கம்பீரம் என்று கட்டம் போட்டு எழுதி வருகிற அட்டவணைகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அவை முழுப் பொய்யும் இல்லை. 30 நாடுகளில் 4,598 பேரைக் கேட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எந்த நிறத்தோடு எந்த உணர்ச்சி என்பதில் நாடுகளுக்கிடையே ஆச்சரியப்படும் அளவுக்கு ஒற்றுமை இருந்தது. கருப்பைத் துக்கத்தோடும் சிவப்பைக் காதலோடும் கோபத்தோடும் சேர்த்தே பலர் சொன்னார்கள். ஆனால் கேட்டது நிறத்தின் பெயரைச் சொல்லி, "இதைக் கேட்டால் உனக்கு என்ன தோன்றுகிறது" என்று. அந்த நிறத்தில் சட்டை போட்டால் அந்த உணர்ச்சி வந்து ஒட்டிக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. அட்டவணைக்காரர்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சளைப் பற்றி அதற்கு முந்தைய வருடம் வந்த ஆய்வு. 55 நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று சொன்னவர்கள் எங்கே அதிகம் என்று பார்த்தால், பூமத்திய ரேகையிலிருந்து தள்ளி இருக்கும், மழை அதிகம் பெய்யும் நாடுகளில். வெயில் வருடம் முழுக்க மண்டையைப் பிளக்கும் இடங்களில் மஞ்சளுக்கு அவ்வளவு மவுசு இல்லை. யோசித்தால் நியாயம்தானே? கிடைக்காததுதானே இனிக்கும். ஒரு நிறம் மனசுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது வெளியே வானம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. என் அலமாரியில் மஞ்சள் ஒன்றுகூட இல்லை, அதற்கு இதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம், உண்மையான காரணம் மஞ்சளில் கறை தெரியும் என்பது.

சரி, தோளுக்கு வருவோம். பச்சை ஏன் நீலமானது என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவே வந்தது.

சுற்றிலும் பார்த்தால் பச்சைதான். புல், இலை, பாசி, கொடி. அப்படியிருக்க, துணிக்குப் பச்சைச் சாயம் எடுப்பதுதான் உலகத்திலேயே சுலபமான வேலையாக இருந்திருக்க வேண்டும். நிஜத்தில் நேர்மாறு. இலையைக் கசக்கித் துணியில் தேய்த்துப் பாருங்கள், அன்றைக்குப் பச்சையாக இருக்கும், வெயில் பட்டதும் பழுப்பாகிவிடும். இலையில் இருக்கும் பச்சையம் நூலில் நிற்காது, வெளிச்சத்தையும் தாங்காது. உயிருள்ள இலை பச்சையத்தைப் புதிதாகச் செய்துகொண்டே இருப்பதால்தான் அது பச்சையாக இருக்கிறது. அதனால் சாயக்காரர்கள் பல நூற்றாண்டுகள் என்ன செய்தார்கள் என்றால், துணியை ஒரு தடவை நீலத்தில் முக்கி இன்னொரு தடவை மஞ்சளில் முக்கினார்கள். ஐரோப்பாவில் நீலத்துக்கு வோட் என்ற செடி, மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி. இரண்டு நிறமும் ஒரே நூலில் ஏறினால் பச்சை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், இரண்டு சாயத்துக்கும் ஆயுசு ஒன்றில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் சீக்கிரம் செத்துப்போகும், நீலம் நின்றுவிடும். அருங்காட்சியகங்களில் இருக்கும் 15, 16ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலைகளின் படங்களைப் பார்த்தால் புரியும், மரமெல்லாம் நீல இலையோடு நிற்கும், புல்தரை நீலமாக விரிந்திருக்கும். நெய்தவன் ஏதோ கனவு கண்டு நெய்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருக்கிறேன். அவன் பச்சைக் காட்டைத்தான் நெய்தான், மஞ்சள்தான் பாதியில் கைவிட்டுவிட்டது. என் சட்டையில் இருப்பது அந்தச் செடிச் சாயங்கள் கிடையாது, ஆலைச் சாயம்தான், ஆனால் இன்றைக்கும் பல பச்சைகள் மஞ்சளும் நீலமும் கலந்தவையே, இரண்டில் எளியது முதலில் போகும்.

கலக்காமல் ஒரே பொடியில் பளிச்சென்று பச்சை வேண்டும் என்று மனிதன் ஆசைப்பட்டபோது கிடைத்தது விஷம். 1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை கண்டுபிடித்தார். அதுவும் அதன் வழியில் வந்த பச்சைகளும் அடுத்த நூற்றாண்டில் கவுனில், சுவர்த்தாளில், தொப்பியில் வைக்கும் செயற்கைப் பூவின் இலையில் என்று எல்லா இடத்திலும் ஏறின. 1861இல் லண்டனில் அப்படிப் பூ செய்துகொண்டிருந்த 19 வயதுப் பெண் ஒருவர் அந்தத் தூளை மூச்சில் இழுத்து இழுத்தே இறந்துபோனார். பார்க்கிறவர்களுக்கு வசந்த காலத்தைக் காட்டிய அதே பச்சை, செய்தவர்கள் கையில் புண்ணாக இருந்தது. பச்சை என்றால் இயற்கை, பச்சை என்றால் நலம் என்று இன்றைக்கு எதற்கெடுத்தாலும் பச்சை முத்திரை குத்துகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகத்துக்கு வரும்.

நீலத்தின் கதை இன்னும் வேடிக்கை. வானம் நீலம், ஆனால் வானத்தில் நீலம் என்ற பொருள் ஒன்றும் இல்லை, காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியில் குறுகிய அலைகளை அதிகமாகச் சிதறடிப்பதுதான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. மயில் கழுத்திலும் நீலச் சாயம் கிடையாது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் அது. அந்த இறகை நுணுக்கி அரைத்தால் நீலம் மாயமாகி அழுக்குப் பழுப்புத்தான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரிகிற நீலத்தில் பெரும்பகுதி இப்படிக் கையில் பிடிக்க முடியாத நீலம். கையில் பிடிக்க முடிந்த நீலம் அவுரி இலையில் ஒளிந்திருந்தது, அதுவும் இலையைப் பார்த்தால் வெறும் பச்சை. நொதிக்க வைத்த அவுரித் தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது அது மஞ்சளும் பச்சையுமாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து பச்சை இருண்டு நீலமாகும், மடிப்பைப் பிரித்தால் உள்ளே இன்னும் பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நீலம். ஆக்சிஜன் செய்கிற வேலை, சில நிமிடம்தான். அந்தச் சாயம் நூலின் மையம் வரை போவதில்லை, மேலோடு நிற்கும், அதனால்தான் ஜீன்ஸ் முழங்காலில் வெளுக்கிறது. மற்ற துணி வெளுத்தால் பழசு, ஜீன்ஸ் வெளுத்தால் அழகு, இதெல்லாம் யார் முடிவு பண்ணினார்களோ.

அட்டவணையில் ஊதாவுக்குக் கம்பீரம் என்று போட்டிருக்கிறார்களே, அந்தக் கம்பீரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடல் நத்தையிலிருந்து. பழைய ஊதாச் சாயத்தை ஒருவகைக் கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். 1909இல் பால் ஃப்ரீட்லேண்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க 12,000 நத்தைகளை எடுத்துக்கொண்டார், கிடைத்தது 1.4 கிராம். பன்னிரண்டாயிரம் உயிருக்கு ஒரு சிட்டிகை. அந்தப் பொருளை ஆராய்ந்தால், அவுரி நீலத்தின் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக இரண்டு புரோமின் அணுக்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி வருகிற சாயத்தை அரசனைத் தவிர யார் கட்ட முடியும்? விலையைத்தான் நாம் கம்பீரம் என்று படித்துவிட்டோம். 1856இல் 18 வயது வில்லியம் பெர்க்கின் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தோற்று, குடுவையின் அடியில் ஒட்டியிருந்ததைக் கழுவும்போது ஊதாவைக் கண்டார். கச்சாப்பொருள் நிலக்கரித் தார். சில வருடங்களிலேயே தெருவில் போகிற யாரும் ஊதா போடலாம் என்றாகிவிட்டது. நத்தை போய்விட்டது, கம்பீரம் மட்டும் அட்டவணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் நம் மொழிப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் இந்த அட்டவணைகளை விட நம் பேச்சு நிறத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் கட்சி. பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய். இதில் எதுவும் பச்சை நிறத்தில் இல்லை. குழந்தை இன்னும் முற்றவில்லை, புண் இன்னும் ஆறவில்லை, தண்ணீர் காய்ச்சப்படவில்லை, பொய்யில் கலப்படமே இல்லை. நமக்குப் பச்சை என்பது நிறத்துக்கு முன்னால் ஒரு நிலை. இலை என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வந்த சொல். பச்சை பழுத்தால் மஞ்சள், மஞ்சள் காய்ந்தால் சருகு. காதலனைப் பிரிந்தவள் மேனியில் படர்கிற வெளிறலுக்குப் பழைய இலக்கியத்தில் பசலை என்று பெயர், இலை வாடுவதை மனுஷியின் தோலில் பார்த்திருக்கிறார்கள். கோபத்தில் முகம் சிவந்தது, பயத்தில் வெளுத்தது, அவமானத்தில் கருத்தது என்று இன்றைக்கும் சொல்கிறோம். அதில் பாதி உடம்பில் நிஜமாக நடப்பது. ரத்தம் முகத்துக்கு ஏறுகிறது, இறங்குகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் கண் நம் மூதாதைகளுக்கு எதற்கு வந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்கிற காரணங்களில் ஒன்று இலைக்கு நடுவே பழத்தைக் காண, இன்னொன்று எதிரே இருப்பவரின் முகத்தில் ரத்தம் ஏறுவதைக் காண. இரண்டாவது உண்மையானால் சிவப்பு சட்டைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே முகத்தில் அர்த்தத்தோடு இருந்திருக்கிறது.

துணி நிறங்களின் பெயரையும் பாருங்கள். கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ, மாந்துளிர், சாம்பல், காவி. இயற்கையிலிருந்து பிடுங்கி வந்து துணியில் ஒட்டியவைதான் எல்லாம். அரக்கு நிறம் என்கிறோமே, அது ஒப்புமைகூட இல்லை, கிளையில் ஒட்டி வாழும் பூச்சி சுரக்கிற அரக்கேதான், அதிலிருந்து சிவப்புச் சாயமே எடுத்தார்கள்.

ஆனால் எல்லோருடைய கண்ணும் ஒன்றில்லை. வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு மேலங்கி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவதைப் பார்த்து, இவ்வளவு பளிச்சென்று போனால் மான் ஓடிவிடாதா என்று நினைத்திருக்கிறேன். மானுக்கு நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. ஆரஞ்சும் பச்சையும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றே. புலி ஆரஞ்சு நிறத்தில் இருந்துகொண்டே புதருக்குள் ஒளிய முடிவது இதனால்தான். மேலங்கியின் ஆரஞ்சு இன்னொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு மட்டும்.

இதே விஷயம் ஊருக்குள்ளும் நடக்கிறது. போட்ட சட்டையை நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோம்? கண்ணாடி முன்னால் அரை நிமிடம், அப்புறம் நாள் முழுக்க முழங்கைக்குக் கீழே இருக்கும் கைநுனி. மீதி எல்லாம் அடுத்தவர் பார்ப்பதற்கு. 2004 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற நேருக்கு நேர் மோதும் நான்கு போட்டிகளில், யாருக்குச் சிவப்பு யாருக்கு நீலம் என்பது வீரரின் விருப்பமில்லாமல் ஒதுக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தபோது சிவப்பு 55 சதவீதம் ஜெயித்திருந்தது. உடனே சிவப்பு வீரத்தைத் தரும் என்று கிளம்பிவிட்டார்கள். 2008இல் ஒரு குழு 42 டேக்வாண்டோ நடுவர்களைக் கூப்பிட்டு அதே மோதல் காட்சிகளைக் காட்டியது, இரண்டாவது தடவை கணினியில் சிவப்பை நீலமாகவும் நீலத்தைச் சிவப்பாகவும் மாற்றி. அதே அடி, அதே உதை, ஆனால் சிவப்புக்கு மாறியவருக்குப் புள்ளி கூடியது. வீரரின் ரத்தத்தில் ஒன்றும் ஏறவில்லை, நடுவரின் கண்ணில்தான் ஏறியிருக்கிறது. பிற்பாடு இன்னும் நிறையப் போட்டிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சாதகமே தேய்ந்துபோனது, அது தனிக் கதை.

இளஞ்சிவப்புக்கும் ஒரு கூத்து உண்டு. 1979இல் அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்த ஒரு கடற்படைச் சிறையில் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள், கைதிகளின் மூர்க்கம் குறைந்ததாகச் செய்தி பரவியது, பல சிறைகள் பெயிண்ட் வாங்கின. பின்னால் ஒழுங்காகக் கட்டுப்பாடு வைத்துச் சோதித்தால் ஒன்றும் பெயரவில்லை.

என் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நீ ஏன்டா சாம்பலாவே வாங்கற?" என்றான். பதில் இருந்தது, சொல்லவில்லை. அந்த நேர்முகத் தேர்வுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத நிறமாக வாங்க ஆரம்பித்தேன், அது எப்போது பழக்கமானது என்று எனக்கே தெரியாது. சாம்பல் எனக்கு வருத்தமும் இல்லை, சலிப்பும் இல்லை, மறைவிடம். புதருக்குள் இருக்கும் பறவைக்குப் பழுப்பு எதற்கோ அதற்கு.

மாலையில் மாடிக்குப் போனேன், பச்சைச் சட்டையோடு. கொடியில் பக்கத்து வீட்டுச் சிவப்புத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் குறையக் குறையத் துண்டு முதலில் கருப்பாகிவிட்டது, பச்சையும் தோளில் இருந்த நீலமும் சாம்பல் பூத்தும் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன. பகலில் நம் கண்ணுக்கு மிகவும் உறைப்பது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, மஞ்சள் கலந்த பச்சை. இருட்டில் அது 507க்கு நகர்ந்துவிடும், நீலத்தை நோக்கி. பூக்களைப் பார்த்து இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்தவர் புர்க்கின்யே என்ற செக் அறிஞர். நான் துண்டைப் பார்த்துக் கவனித்தேன், இருநூறு வருடம் தாமதம்.

அப்புறம் ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. மஞ்சள் போனதால்தானே நீலம், மஞ்சளைத் திரும்பக் கொடுத்தால் என்ன? துணிக்கு ஏற்றும் மஞ்சள் சாயப் பாக்கெட் ஒன்று வாங்கி, வாளியில் வெந்நீரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சட்டையை முக்கி ஒரு குச்சியால் முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்து நாலைந்து தண்ணீரில் அலசிக் காயப் போட்டேன், இந்தத் தடவை நிழலில். தோள் பச்சையாகிவிட்டது, நிஜமாகவே. ஆனால் ஏற்கெனவே பச்சையாக இருந்த இடத்திலும் மஞ்சள் ஏறி, உடம்பெல்லாம் பழுக்கத் தொடங்கிய இலை மாதிரி ஆகிவிட்டது, காலரின் அடியும் பாக்கெட்டின் உள்பக்கமும் உட்பட. வாளியின் கைப்பிடியும் என் நகக்கண்ணும் இன்னும் மஞ்சள். தையல் நூல் மட்டும் பாலியெஸ்டர், பருத்திச் சாயம் அதில் ஏறாது. வாங்கிய நாளில் சட்டை என்ன பச்சையாக இருந்தது என்பது இப்போது அந்தத் தையல் கோட்டில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இதுதான்டா நான் சொன்ன பச்சை" என்று பதில் போட்டிருக்கிறான்.